ஹெட்டருக்குக் கோட்டிங் தேவையா, வெறும் பைப் போதுமா? கேள்வி பதில்

இன்று ஹெட்டர் மட்டும்தான், அதாவது எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் பைப் தொகுப்பு. எம்.எஸ். (சாதா எஃகு), எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு), கோட்டிங் (சூடு தாங்கும் பூச்சு), சூடு, துரு, விரிசல் எதுவானாலும் கேளுங்கள். சத்தம் எப்படி வரும், எஞ்சின் கம்ப்யூட்டருக்கு மேப் எங்கே போடுவது என்பதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

டைப்_இசட், கோவை: அண்ணா, பழைய ஹோண்டா சிட்டி 1.5 வீடெக்குக்கு 4-2-1 ஹெட்டர் (நான்கு பைப் இரண்டாகி, பிறகு ஒன்றாவது) அடிக்கக் கொடுக்கப் போகிறேன். எம்.எஸ். பைப்பில் செய்து கோட்டிங் போடலாம், இல்லையென்றால் எஸ்.எஸ். 304 ரகத்தில் செய்து அப்படியே விடலாம் என்கிறார் பட்டறைக்காரர். செலவு ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எதற்குப் போகலாம்?

பதில்: தினம் ஓடுகிற வண்டி என்றால் 304, கோட்டிங் இல்லாமல். எம்.எஸ். 550 டிகிரியைத் தாண்டினால் செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். ஹெட்டரின் முதல் ஒரு சாண் நீளம் நெடுஞ்சாலையில் மிதித்து ஓட்டினாலே அந்தச் சூட்டுக்குப் போய்விடும். அதனால் எம்.எஸ். ஹெட்டரின் ஆயுள் முழுக்கக் கோட்டிங்கை நம்பியிருக்கிறது. ஒரு கல் பட்டு உதிர்ந்தால் போதும், துரு அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்து பூச்சை அடியிலிருந்தே கிளப்பிவிடும். 304-இல் 18 சதவீதம் குரோமியம் இருப்பதால் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். வைக்கோல் நிறம், நீலம், பழுப்பு என்று மாறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

304-க்கும் குறை உண்டு. சூட்டில் அதிகம் நீளும். 60 செ.மீ. பைப் 600 டிகிரி ஏறினால் சுமார் 6 மி.மீ. நீளும். எம்.எஸ். 5 மி.மீ.க்குள் நிற்கும். போதாததற்கு 304 சூட்டைக் கடத்துவதும் எம்.எஸ்.ஸில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரே பைப்பில் ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் ஆறியிருக்கும். அந்த இழுபறி முழுவதும் எஞ்சினோடு போல்ட் போடும் தகடான ஃபிளாஞ்ச் ஓரத்து வெல்டிங்கில் போய் விழும். அதனால் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

பைப் சுவர் 1.5 அல்லது 1.6 மி.மீ. இருக்கட்டும், 1.2 வேண்டாம். ஃபிளாஞ்ச் 10 மி.மீ. தகடு. பைப்புகள் ஒன்றுசேரும் கலெக்டரில் ஸ்லிப் ஜாயின்ட் (ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நீள இடம் தரும் இணைப்பு). ஆர்கான் வெல்டிங் செய்யும்போது பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும். விடாவிட்டால் உள்பக்கத் தையல் சர்க்கரைப் பாகு முறிந்த மாதிரி கரடுமுரடாகப் பூத்துவிடும், விரிசல் அங்கேதான் பிறக்கும். ஒரு துண்டை ஒட்டி, அறுத்து, உள்ளே காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு பட்டறை பாருங்கள்.

எல்லாம் ஒட்டி முடித்ததும் ஃபிளாஞ்ச் மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேர் விளிம்புச் சட்டம்) வைத்து, அடியில் 0.1 மி.மீ. ஃபீலர் தகடு நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் முகத்தைத் தேய்த்துச் சமமாக்கும் சர்ஃபேஸ் கிரைண்டிங். கடைசியாக, ஹெட்டரிலிருந்து கீழே போகும் டவுன்பைப்பின் எடையைக் கியர்பாக்ஸில் ஒரு பிராக்கெட் போட்டுத் தாங்குங்கள். ஹெட்டர் தலையில் தொங்க விட்டால் எந்த உலோகமும் தாங்காது.

ரெட்லைன்: கோட்டிங் போட்டால் எத்தனை எச்.பி. கூடும்?

பதில்: பவர் அளக்கும் டைனோ மெஷினில் அடுத்தடுத்து இரண்டு தடவை ஓட்டினால் வரும் வித்தியாசத்துக்குள்ளேயே அது மறைந்துவிடும். பைப் நீளமும் விட்டமும்தான் பவர் தரும்.

மஸ்டாங் 5.0, டொராண்டோ: இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு. லாங் டியூப் (நீளப் பைப்) ஹெட்டர் வாங்க வேண்டும். 409, 304, கோட்டிங் போட்ட எம்.எஸ். மூன்றும் கிடைக்கிறது.

பதில்: உப்பு ரோடு என்றால் 304. 409-உம் எஸ்.எஸ்.தான், ஆனால் அதில் குரோமியம் 11 சதவீதம்தான். ஒரே குளிர்காலத்தில் மேலே பழுப்பேறிவிடும், ஆனால் சீக்கிரம் ஓட்டை விழாது, நீட்சி குறைவு என்பதால் விரிசலும் குறைவு. அழகு முக்கியமில்லை என்றால் 409 மோசமில்லை. கோட்டிங் போட்ட எம்.எஸ்.ஸை உங்கள் ஊருக்குச் சொல்ல மாட்டேன். மாட்டும்போது ஸ்டீயரிங் ஷாஃப்ட் பக்கம் ஸ்பானர் ஒரு கீறல் போடும், உப்பு அந்தக் கீறலைத் தேடிப் பிடித்துவிடும்.

காசு மிச்சமிருந்தால் 304 மேலேயே வெள்ளி நிறக் கோட்டிங் போடலாம். வி8-இல் ஸ்டார்ட்டர், பிளக் பூட் (ஸ்பார்க் பிளக் உறை) எல்லாம் பைப்பை உரசிக்கொண்டு நிற்பதால் அங்கே அர்த்தம் உண்டு. கோட்டிங் கடையிலிருந்து வந்ததும் ஹெட்டரைத் தலைகீழாகப் பிடித்து ரப்பர் சுத்தியலால் தட்டி, தண்ணீர் விட்டுக் கழுவி, காற்றடியுங்கள். பூச்சுக்கு முன் பரப்பைச் சுரண்ட ஊதிய மணல் போன்ற பிளாஸ்டிங் கிரிட் வளைவுகளில் தங்கியிருக்கும்.

பூஸ்ட்_பிரியன்: ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐக்கு நல்ல ஹெட்டர் எது?

பதில்: அந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டு (ஹெட்டரின் இடத்தில் கம்பெனி வைக்கும் பாகம்) சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. டர்போ நேராக ஹெட்டில் உட்காரும். ஹெட்டர் என்று யாராவது விற்றால் ஓடி வந்துவிடுங்கள்.

கோட்டிங் கடை, திருப்பூர்: கோட்டிங் துருவுக்கு மட்டும் என்பது போலப் பேசுகிறீர்கள். 50 மைக்ரான் செராமிக் வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். இன்ஃப்ராரெட் கன் (தொடாமலே சூடு அளக்கும் கருவி) வைத்து வாடிக்கையாளர் கண் முன்னாலேயே காட்டுகிறோம், 150 டிகிரி குறைவு.

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 டிகிரியில் இருக்கும் கருத்த பைப், சதுர மீட்டருக்கு சுமார் 26 கிலோவாட் சூட்டைக் கதிர்வீச்சாக வெளியே விடும். அவ்வளவு சூடும் உங்கள் 50 மைக்ரானைக் கடந்து போகட்டும். செராமிக்கின் சூடு கடத்துத்திறன் மீட்டருக்கு, டிகிரிக்கு வெறும் 1 வாட் என்றே வைத்துக்கொள்கிறேன். பூச்சின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் வரும் வித்தியாசம் 1.3 டிகிரி. 150 எங்கே, 1.3 எங்கே?

வெள்ளிக் கோட்டிங் வேலை செய்யும், ஆனால் காரணம் வேறு. அலுமினியம் கலந்த பளபளப்பான பரப்பின் கதிர்வீசும் திறன் (முழுக் கறுப்புக்கு 1 என்று வைத்தால்) 0.3 பக்கம். கருத்த பரப்புக்கு 0.8. அதே 600 டிகிரியில் 26 கிலோவாட் 10 ஆகக் குறைகிறது. எஞ்சின் பே குளிர்வது அதனால்தான்.

கோட்டிங் கடை, திருப்பூர்: அப்படியென்றால் கன் பொய் சொல்கிறதா?

பதில்: ஆமாம். சாதாரண கன் எல்லாப் பரப்பின் கதிர்வீசும் திறனும் 0.95 என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். பளபளப்பான பரப்பில் வைத்தால் நூறு, நூற்றைம்பது டிகிரி குறைத்துத்தான் காட்டும். வெள்ளி பைப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஹை டெம்பரேச்சர் கறுப்பு பெயிண்ட் அடித்து, அந்தப் பொட்டின் மேல் கன்னைப் பிடித்துப் பாருங்கள்.

நைட்_டிரைவ், மதுரை: அப்போ கறுப்புக் கோட்டிங் போட்ட நாங்கள் ஏமாந்தோமா?

பதில்: சூடு குறையும் என்று போட்டிருந்தால், ஆமாம். பழசாகிக் கருத்த எஸ்.எஸ். பைப்பும் கறுப்புக் கோட்டிங்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு சூட்டைத்தான் வீசும். துருவுக்காகப் போட்டிருந்தால் ஏமாறவில்லை. இன்னொன்றும் உண்டு. வெள்ளி 700 டிகிரிக்கு மேல் தாங்காது, சாம்பல் பூத்து மங்கிவிடும். டர்போ மெனிஃபோல்டுக்கு அதிக சூடு தாங்கும் கறுப்பு வகையும், அதற்கு வெளியே காற்று இடைவெளி விட்டு ஒரு தகடு ஷீல்டும்தான் சரி. டர்போ என்றால் கிரிட் விஷயத்தில் இரண்டு மடங்கு கவனம். ஒரு துகள் போதும், டர்பைன் பிளேடு போய்விடும்.

குமரி_ஜிடி: கோட்டிங்குக்குப் பதில் ராப் (சூடு தாங்கும் துணிப் பட்டை) சுற்றினால்?

பதில்: ராப் உண்மையிலேயே சூட்டைத் தடுக்கும், அதுதான் பிரச்சினையும். வெளியே போக வழியில்லாமல் பைப்பே வெந்து போகும். மழைத் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எம்.எஸ். மேல் சுற்றவே கூடாது. ஆயில் கசியும் எஞ்சினில் சுற்றினால் தீப்பிடிக்கும். ரேஸ் முடிந்ததும் கழற்றிப் பார்க்கிற வண்டிக்குச் சரி.

கே20_கனவு: கோட்டிங்கால் பவர் கூடுமா அண்ணா?

பதில்: ரெட்லைன் கேட்டதற்குச் சொன்ன பதில்தான்.

ஷெட்_சனி: ஸ்ப்ரே டப்பா வாங்கி நானே அடிக்கலாமா?

பதில்: எம்.எஸ். ஹெட்டருக்குத் தாராளமாக. கிரீஸ் போகக் கழுவி, 120 கிரிட்டில் பிளாஸ்டிங் செய்து, அசிட்டோன் விட்டுத் துடைத்து, அதன்பின் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். விரல் ரேகை பட்ட இடத்தில் பெயிண்ட் கழன்று வரும். ஆக்சிஜன் சென்சார் மரையையும் ஃபிளாஞ்ச் முகத்தையும் மறைத்துவிடுங்கள். 10 நிமிட இடைவெளியில் மெல்லிய கோட் இரண்டு, கொஞ்சம் ஈரமாக ஒன்று. பிறகு 120 டிகிரியில் அரை மணி, ஆற அரை மணி, 200-இல் அரை மணி, ஆற அரை மணி, 315-இல் அரை மணி. டப்பாவில் வேறு மாதிரி போட்டிருந்தால் டப்பா சொல்வதைக் கேளுங்கள். இதற்குச் சமையலறை ஓவன் கூடவே கூடாது. அப்புறம், கிரிட்டைத் தட்டுங்கள்.

ரீபில்டு, சேலம்: எஞ்சின் வேலை முடிந்து அடுத்த வாரம் ஸ்டார்ட் செய்கிறோம். புது வெள்ளி ஹெட்டரை மாட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம், பழைய மெனிஃபோல்டில் ஓட்டுங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஸ்பார்க் டைமிங் பின்தங்கியும் மிக்சர் லீனாகவும் (பெட்ரோல் குறைவாகவும்) இருக்கும். ஹெட்டுக்குள் எரிந்து முடிய வேண்டியது பைப்புக்குள் எரியும். இருபது நிமிடத்தில் பைப் சிவந்து கோட்டிங் வெளுத்துவிடும். டைமிங்கும் மிக்சரும் சரியான பிறகு ஹெட்டரை மாட்டி, 10 நிமிடம் ஐடிலில் விட்டு, முழுக்க ஆறவிட்டு, ஆறிய எஞ்சினில் நட்டுகளை மறுபடி டைட் செய்யுங்கள்.

புல்லட்_ராஜா: என் பைக் சைலன்சர் குரோம் நீலமாகிறது.

பதில்: மிக்சர் லீனாக இருக்கலாம், சைலன்சர் ஜாயின்ட்டில் காற்றும் இழுக்கலாம், இரண்டையும் பாருங்கள். மற்றது பைக் ஆட்களிடம்.

விடெக்_வேலு: எத்தனை எச்.பி...

பதில்: மேலே.

கோட்டிங் கடை, திருப்பூர்: பொட்டு வைத்துப் பார்த்தேன். கறுப்புப் பொட்டில் 410, பக்கத்தில் வெள்ளியில் 230. சரி, இனிமேல் வாடிக்கையாளருக்கு எதைக் காட்டுவது?

பதில்: பைப்பைக் காட்டாதீர்கள். வெள்ளி சூட்டைக் குறைவாக வீசுவதால் பைப் உலோகம் வெறும் பைப்பைவிடக் கொஞ்சம் அதிகச் சூட்டில்தான் இருக்கும். கே டைப் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) ஒன்றை ஸ்டார்ட்டர் மோட்டார் ஒயரில் கட்டி, ஒரே தூரம், ஒரே வேகம், கோட்டிங்குக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். அங்கே குறைவதை எழுதிக் கொடுங்கள், நானே ஆள் அனுப்புகிறேன்.