கோடிங் இல்லாத வேலையா என்று கவலைப்படும் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

மகள் இ.சி.இ. முடித்து, கேம்பஸில் தேர்வாகி, சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சேர்ந்ததுவரை உங்களுக்கு நிம்மதி. டிரெயினிங் முடிந்ததும் சப்போர்ட் டீமில் போட்டு, “டீமோட நாலெட்ஜ் பேஸை நீ பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டார்கள். எந்தக் கோளாறை எப்படிச் சரிசெய்வது என்று டீம் எழுதிவைக்கும் பக்கங்களின் தொகுப்புதான் அது. கூடப் படித்தவர்கள் ஜாவா, பைதான் என்று பேசும்போது இவள் மட்டும் யாரோ எழுதிய பழைய பக்கங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். “இதுக்கா நாலு வருஷம் ஃபீஸ் கட்டினேன்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

டீம் மாற்றக் கேட்டு எச்.ஆருக்கு மெயில் போடும்படி இப்போதைக்குச் சொல்லாதீர்கள். இது வெறும் காப்பி-பேஸ்ட் வேலையாகவும் போகலாம், டீமில் யாரைவிடவும் அதிகம் தெரிந்தவளாக அவளை ஆக்கவும் செய்யலாம். எது நடக்கும் என்பது பெரும்பாலும் அவள் கையில்தான் இருக்கிறது.

இது கோடிங்குக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை என்று நினைக்கிறீர்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற ‘விக்கி’ ஏற்பாட்டை 1995-இல் வார்ட் கன்னிங்ஹாம் தொடங்கியதே, புரோகிராமர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான். விக்கிப்பீடியா வந்தது 2001-இல். இன்று ஆபீஸ்களில் இப்படிப்பட்ட பக்கங்களை வைத்திருக்கும் கான்ஃபுளுயன்ஸ் போன்ற மென்பொருள்களும் அதே வழியில் வந்தவைதான். ஆனால் ஊர்ப் பொதுக் குளத்தின் கதிதான் இதற்கும்: தண்ணீர் எடுக்க எல்லோரும் வருவார்கள், தூர்வார ஆள் கிடைக்காது. அந்த வேலையைத்தான் உங்கள் மகளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அது எப்படிப்பட்ட வேலை என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். நைட் ஷிஃப்டில் இருக்கும் பையனுக்கு ‘வி.பி.என். (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் இணைப்பு) கனெக்ட் ஆகவில்லை’ என்று டிக்கெட், அதாவது பதிவு செய்த புகார், வருகிறது. தேடினால் நாலு பக்கம் வந்து நிற்கிறது. ஒன்றில் பழைய வெர்ஷனின் ஸ்கிரீன்ஷாட். இன்னொன்று, வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரைக் கூப்பிடச் சொல்கிறது. மூன்றாவது ‘டெஸ்ட் பேஜ், டெலீட் பண்ணாதீங்க’. சரியான வழி நாலாவதில் இருக்கிறது. தலைப்போ ‘ரிமோட் ஆக்சஸ் கிளையன்ட் அத்தென்டிகேஷன் ஃபெயிலியர்’. ராத்திரி ரெண்டு மணிக்கு அதை யார் திறந்து பார்ப்பார்கள்? தூங்குகிற சீனியரைத்தான் எழுப்புவார்கள்.

இதைச் சரிசெய்ய அவள் நெட்வொர்க் டீமில் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, ஒவ்வொரு ஸ்டெப்பையும் தானே செய்து பார்க்க வேண்டும். எது இன்றைக்கும் வேலை செய்கிறதோ அதை ஒரே பக்கமாக்கி, பயனர் புகார் சொல்லும் வார்த்தையிலேயே தலைப்பு வைக்க வேண்டும். திரையில் வரும் எரர் மெசேஜை எழுத்து பிசகாமல் உள்ளே போட்டால்தான் தேடும்போது சிக்கும். மற்றப் பக்கங்களை அப்படியே அழித்துவிட்டால் பழைய டிக்கெட்டுகளில் இருக்கும் லிங்க் எல்லாம் செத்துப்போகும். புதிய பக்கத்துக்கு வழிமாற்ற வேண்டும். பக்கத்தின் பொறுப்பாளராக ஆள் பெயரைப் போடாமல் பதவியைப் போடுவது நல்லது, ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பாஸ்வேர்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அங்கே எழுதக் கூடாது.

இதில் எழுதுவது கொஞ்சம், விசாரிப்பதுதான் அதிகம். சிஸ்டம் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் இதைச் செய்யவே முடியாது.

எல்லாப் பக்கத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிவ்யூ செய்வதாக எக்ஸலில் அட்டவணை போடச் சொல்லும் மேனேஜர்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். நடப்பது என்னவென்றால், யாரும் படிக்காமல் தேதியை மட்டும் மாற்றிவிடுவார்கள். அதைவிட, எந்த டிக்கெட் திரும்பத் திரும்ப வருகிறது, எதைத் தேடி ஒன்றும் கிடைக்காமல் போகிறார்கள் என்று பார்த்து அங்கிருந்து தொடங்கலாம். சப்போர்ட் துறையில் கே.சி.எஸ். (நாலெட்ஜ்-சென்டர்டு சர்வீஸ்) என்று ஒரு முறை 1990-களிலிருந்து இருக்கிறது. பக்கத்தைப் பயன்படுத்துகிறவரே அந்த நேரத்தில் தவறைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் குறித்துவைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. டீமை இந்தப் பழக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டமான பகுதி. நோட்டீஸ் பீரியடில் இருப்பவர் கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது) என்ற பெயரில் ரெண்டு மணி நேர ரெக்கார்டிங் கொடுத்துவிட்டுப் போவார். அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அவர் கிளம்புவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டு எழுதி வாங்குவதற்குப் பேச்சு சாமர்த்தியம் வேண்டும். கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஏ.ஐ. வந்தால் இந்த வேலை போய்விடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மற்றவர் சொன்னதை அழகாக டைப் செய்து தருவது மட்டுமே வேலை என்றால், ஆமாம், ஆபத்துதான். ஆனால் கம்பெனிகள் உள்ளுக்குள் வைக்கும் சாட்பாட் பல இடங்களில் இந்தப் பக்கங்களைத்தான் படித்துப் பதில் சொல்கிறது. பழைய பக்கம் அங்கேயே கிடந்தால், அதையும் தயங்காமல் எடுத்துச் சொல்லும். எது செல்லும், எது செல்லாது என்று தீர்மானிக்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டியிருக்கிறது.

அடுத்த படி என்ன? டெக்னிக்கல் ரைட்டர், நாலெட்ஜ் மேனேஜர், பிராப்ளம் மேனேஜ்மென்ட் (கோளாறுகளின் மூலக் காரணத்தைத் தேடும் வேலை) என்று வழிகள் உண்டு. ஐ.எஸ்.ஓ. 9001 தரநிர்ணயத்தின் 2015 பதிப்பில் நிறுவனத்தின் அறிவைப் பேணுவதற்கென்றே 7.1.6 என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஐ.டி. சேவைகளை நடத்துவதற்கான வழிகாட்டியான ஐ.டி.ஐ.எல். 4-இலும் நாலெட்ஜ் மேனேஜ்மென்ட் தனியாக இடம்பெறுகிறது. அதன் ஃபவுண்டேஷன் தேர்வு 40 கேள்வி, ஒரு மணி நேரம். அதற்குக் கைக்காசைக் கட்டவேண்டாம்; கம்பெனி கொடுக்குமா என்று முதலில் கேட்கட்டும். காசில்லாத பயிற்சிக்குத் தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. ஒரு கணக்கு தொடங்கி, ‘மணல்தொட்டி’ என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகி, பிறகு கட்டுரைகளைத் திருத்தட்டும். யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தையும், அதைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தையும் படித்தாலே, முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து ஒரு கட்டுரையை எப்படிச் சண்டை போட்டுச் சரியாக்குகிறார்கள் என்று தெரியும்.

கூடவே ஸ்கிரிப்டிங்கை விடக் கூடாது. உடைந்த லிங்குகளைத் தேட பைதானில் அவளே ஒரு சின்ன புரோகிராம் எழுதினால், உங்கள் கோடிங் கவலைக்கும் அதில் பதில் இருக்கும். அப்ரைசலுக்கு ‘இத்தனை பக்கம் எழுதினேன்’ என்று போகவேண்டாம். எந்தப் பக்கம் வந்தபின் எந்த டிக்கெட் எவ்வளவு குறைந்தது என்று மாதாமாதம் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு வருஷம் ஆன பிறகும் டிக்கெட்டுகளைப் பார்க்க அனுமதி தராமல், பெரிய கோளாறு வந்தால் நடக்கும் மீட்டிங்குகளுக்கும் கூப்பிடாமல், ஃபான்ட் சரிசெய்வதையே வேலையாகக் கொடுத்தால், அப்போது தயங்காமல் மாறட்டும். அதற்கான மெயிலை எப்படி எழுதுவது என்று நானே சொல்லித்தருகிறேன்.

இரண்டாவது மகனுக்கு எந்த குரூப் என்று கேட்டது தனி விஷயம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரட்டும், அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.