புதுக் கம்பி ஏன் சுருதியில் நிற்பதில்லை?

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாருக்கு நானே புதுக் கம்பி மாட்டினேன். பத்து நிமிடம்கூடச் சுருதி நிற்கவில்லை. கம்பி மட்டமா?

பதில்: கம்பியைத் திட்டாதீர்கள். புதுக் கம்பி இளகத்தான் செய்யும். ஒவ்வொன்றையும் விரலால் மெல்லத் தூக்கி இழுத்து, மறுபடி சுருதி சேருங்கள். நாலைந்து தடவையில் அடங்கிவிடும். முறுக்காணியில் தடித்த கம்பிக்கு 2 சுற்று, மெல்லியதற்கு 3 போதும். சுற்றுகள் கீழ்நோக்கி இறங்கட்டும்.

அப்புறம், ட்ரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் கம்பித் தாங்கி) என்றால் ஆறையும் மொத்தமாகக் கழற்ற வேண்டாம், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான் முதல்முறை மொத்தமாகக் கழற்றினேன். பின்பக்க ஸ்பிரிங்குகள் பிரிட்ஜை இழுத்துக்கொண்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. 009 செட்டிலிருந்து (முதல் கம்பி 0.009 அங்குலத் தடிமன்) சற்றுத் தடித்த 010-க்கு மாறினாலும் இழுவிசை கூடும், ஸ்பிரிங்கைச் சற்று இறுக்க வேண்டியிருக்கும். மிச்ச நுனியை ஒட்ட நறுக்கிவிடுங்கள். முதல் கம்பி ஊசி மாதிரி குத்தும்.