‘ஒன்று வீண்’ – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தாத்தாவின் .315 ரைஃபிள், பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்தது, அப்பா காலமான பிறகு முறைப்படி என் உரிமத்துக்கு மாறியது. சென்ற ஆண்டு கோவையில் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்தேன். இலக்குப் பயிற்சிக்காக .22 ரைஃபிள் ஒன்று வாங்கினேன். மனம் அதிலேயே நின்றுவிட்டது. பழையது தோல் உறைக்குள் பரண்மேல் கிடக்கிறது. தேர்தல் வரும்போதெல்லாம் இரண்டையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. ஆறு வயதில் மகன் இருப்பதால் மனைவி விற்கச் சொல்கிறாள். இப்படிப்பட்ட மரமும் இரும்பும் இனிமேல் கிடைக்காது, விற்காதே என்கிறான் குடகில் இருக்கும் நண்பன். காட்டுப்பன்றித் தொல்லைக்கு உதவுமே என்று எனக்கும் ஓர் எண்ணம். கோவை வியாபாரி ஒருவர் நல்ல விலை சொல்கிறார். உறையின் பையில் தாத்தாவின் வேட்டைக் குறிப்பு நோட்டு ஒன்றும் இருக்கிறது. ‘1956 பிப்ரவரி 12. அவலாஞ்சி மேல். காற்று கிழக்கு. கடா ஒன்று. தோட்டா இரண்டு, ஒன்று வீண்’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்துக் கொடுத்தால் மதிப்புக் கூடுமாம். வைத்துக்கொள்ளவா, விற்கவா?

க., கோத்தகிரி

அன்புள்ள க.,

முதலில் பரண்மேல் ஏறி ரைஃபிளை அந்தத் தோல் உறையிலிருந்து வெளியே எடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வீட்டுச் சுவரே வியர்க்கும். தோல் அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்டபோது ஏறிய உப்பும் அதனுடன் சேர்ந்து இரும்பைத் தின்னும். தோல் உறை வழியில் தூக்கிப் போவதற்கு. வீட்டில் ஆண்டுக்கணக்கில் மூடிவைப்பதற்கு அல்ல. குழலை உள்ளும் புறமும் துடைத்து மெல்லிதாக எண்ணெய் பூசுங்கள். பூட்டுள்ள இரும்பு அலமாரியில் குழல்வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள். அப்போதுதான் எண்ணெய் வடிந்து மரக்கட்டையில் ஊறாது. குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டைக் கழற்றி வேறொரு பூட்டில் வையுங்கள், தோட்டாவை இன்னொரு பூட்டில். ஆறு வயதுப் பையன் இருக்கிற வீட்டில் பரண் ஒரு பாதுகாப்பா? அவன் இன்னும் ஏறிப் பார்க்கவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். உங்கள் மனைவி சொல்வது முழுக்கச் சரி. அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

காட்டுப்பன்றிப் பேச்சை இனி எடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பது துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம். பன்றியைச் சுட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டைக் குற்றம். ஒரே இரவில் உழுது போடப்பட்ட கேரட் தோட்டத்தின் நடுவில் விடியற்காலையில் நிற்கிறவரின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். அதற்கு வனத்துறையிடம் மனுக் கொடுங்கள், இழப்பீடு கேளுங்கள், ஊரைத் திரட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போடுங்கள். இருட்டில், சரிவில், .315ஐத் தூக்காதீர்கள். பன்றிக்குத் தப்பிய தோட்டா எதிர்ச் சரிவு வரைக்கும் போகும். எதிர்ச் சரிவில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடோ, தேயிலைக்குப் போகும் பெண்களோ இல்லாத இடம் நம் மலையில் எங்கே இருக்கிறது?

விலையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. குடகு நண்பருக்கு அவ்வளவு ஆசை இருந்தால் அவரே வாங்கிக்கொள்ளட்டும். சட்டம் உங்களை விற்கச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. உங்களிடம் இருப்பதும் இரண்டு. ஆகவே கேள்வி உங்களுடையதுதான். என் பதில்: விற்றுவிடுங்கள். நீங்கள் அதைச் சுடுவதில்லை, துடைப்பதில்லை, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதுகூடக் கடிதத்தில் இல்லை. வாங்குகிறவர் அதைக் கொண்டுபோய் ஒரு சுடுதளத்திலாவது சுடுவார். தாத்தாவின் பொருள் என்று சொல்லித் துருப்பிடிக்க விடுவதில் அவருக்கு என்ன மரியாதை?

ஆனால் அந்த நோட்டு!

உங்கள் கடிதத்தில் எதைப் படித்துவிட்டு நான் உடனே எழுத உட்கார்ந்தேன் என்று நினைக்கிறீர்கள்? சில மாதங்களாக எனக்கு வரையாட்டைப் பற்றித்தான் யோசனை, நம் மலை முகடுகளில் மேயும் காட்டு ஆடு. உங்கள் தாத்தா ‘கடா’ என்பது அதன் ஆணைத்தான். 2024இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் என்று வந்தது. நல்ல வேலை, முறையான வேலை. அந்த எண்ணைப் பார்த்த நாளிலிருந்து, இதற்கு முன்னால் இருந்தது எவ்வளவு, எந்தெந்த முகடுகளில் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். குன்னூரில் வழக்கறிஞராக இருந்த ஈ.ஆர்.சி. டேவிதார் 1963இல் நீலகிரியின் வரையாட்டுக் கணக்கை வெளியிட்டார்; 1970களில் மற்ற மலைகளுக்கும் ஏறிப்போய்க் கணக்கெடுத்தார். அதற்கும் முன்னால் போனால் கையில் கிடைப்பது வேட்டைக்காரர்களின் எழுத்து மட்டுமே. அதிலும் பெரும்பகுதி துரைமார் எழுதியது. ஒரு கோத்தகிரிக்காரர், தமிழில், தேதி போட்டு, 1956இல் எழுதிய நோட்டு உங்கள் பரணில் இருக்கிறது. அதை ரைஃபிளுக்கு இலவச இணைப்பாகக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்! ‘மதிப்புக் கூடும்’ என்று வியாபாரி சொன்னதை எந்தக் கூச்சமும் இல்லாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

வேட்டைக்காரர்களைப் புனிதர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இந்த மலையின் விலங்குகளைக் கொன்று குவித்தவர்கள் அவர்கள்தான். ஆனால் இப்படியே போனால் ஒன்றும் மிஞ்சாது என்று பயந்து 1877இல் சங்கம் வைத்தவர்களும் அவர்கள்தான். இரண்டே ஆண்டில், 1879இல், நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுடக்கூடாத பருவம், உரிமம் எல்லாம் வந்தன. வரையாட்டில் பெட்டையைத் தொடக் கூடாது, முதுகு வெளுத்த கிழட்டுக் கடாவை மட்டும் சுடலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. உங்கள் தாத்தா ‘கடா’ என்று எழுதியிருப்பது அந்த ஒழுங்கில் பழகியவரின் எழுத்து.

அவர் எழுதிய ‘அவலாஞ்சி மேல்’ எது என்று யோசித்துப் பாருங்கள். குந்தா மின்திட்டத்து அணைகள் இன்னும் எழும்பாத காலம். அந்தப் பள்ளத்தாக்குகளில் ஓடையும் புல்லும் இருந்தன. இப்போது அங்கே நிற்கும் அணைத் தண்ணீர் அன்று இல்லை. மேலே இருந்த புல்வெளிகளில் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) எவ்வளவு தூரம் ஏறியிருந்தன, எந்தச் சரிவு இன்னும் வெறும் புல்லாக இருந்தது, இதெல்லாம் அந்த நோட்டில் ஒரு சொல்லாகவோ அரைச் சொல்லாகவோ இருக்கக்கூடும். அவர் அதற்காக எழுதவில்லை. அதனால்தான் அதை நம்பலாம்.

‘ஒன்று வீண்’ என்ற இரண்டு சொற்களைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. யாரும் பார்க்காத முகட்டில், யாரும் கேட்கப்போகாத நோட்டில், குறி தவறியதை எழுதி வைத்திருக்கிறார். வீடு திரும்பி அடித்ததைச் சொல்லாதவர் எவருமில்லை. தவறவிட்டதை எழுதி வைக்கிறவர் வெகு அபூர்வம். அதனால் நீங்கள் செய்ய வேண்டியதை அழுத்திச் சொல்கிறேன்: போய்விட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்களை அவர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். ‘ஒன்றும் காணவில்லை’ என்றோ ‘மூடுபனி, திரும்பினோம்’ என்றோ ஒரு வரி இருந்தாலும் போதும். கடா விழுந்த நாட்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மலையில் எத்தனை ஆடு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை முறை போனார், எத்தனை முறை பார்த்தார், எத்தனை முறை ஒன்றும் இல்லை, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பேச முடியும். காணாத நாளை எழுதியிருந்தால் உங்கள் தாத்தாவின் நோட்டு விலங்கு ஆய்வாளர் ஒருவரின் கையில் இருக்க வேண்டிய பொருள். திரும்பவும் சொல்கிறேன், வெறும் நாட்களைத் தேடுங்கள். சுட்ட கதைகளை உங்கள் மகனுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

என் தாய்மாமா குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் எழுத்தராக இருந்தார். பள்ளி விடுமுறைக்கு நான் அங்கே போவேன். காலையில் மழைமானியைத் தூக்கிப் பார்த்து, ‘ஒரு இன்ச் நாற்பது சென்ட்’ என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பேரேட்டில் எழுதுவார். மழை இல்லாத நாளில் சுழி போட்டு அதன் கீழே தேதியும் கையெழுத்தும் வைப்பார். மழையே இல்லையே, இதற்கு எதற்குக் கையெழுத்து என்று கேட்டேன். “போய்ப் பார்த்தேன் என்பதற்கு” என்றார். முதலாளியின் ரைஃபிள்களும் அவர் பொறுப்பு. பழைய தோட்டாக்களின் மருந்துத் தொப்பி வெடித்தால் குழலில் உப்புப் படியும். எண்ணெய்க்கு அது கரையாது. அதற்காகக் கொதிக்கிற தண்ணீரைப் புனலில் ஊற்றிக் கழுவுவார். அந்தச் சூட்டிலேயே இரும்பு காய்ந்துவிடும். அதையும் எழுதுவார்: எந்தத் துப்பாக்கி, எந்தத் தேதி, யார் கழுவியது.

எஸ்டேட் கைமாறியபோது அந்தப் பேரேடுகள் முழுவதும் டிரையர் அடுப்பில் போடப்பட்டன. பல ஆண்டு மழை. மாமா ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகு யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரியும். “விறகு மிச்சமாகியிருக்கும்” என்று மட்டும் சொன்னார்; அன்று சாப்பிடவில்லை. இன்றைக்கு மழை முன்போல இல்லை என்று எல்லாரும் பேசுகிறோம். எந்த முன்போல? அந்தச் சரிவில் எவ்வளவு பெய்தது என்று எழுதி வைத்திருந்த ஒரே மனிதரின் காகிதத்தை எரித்து ஒரு நாள் தேயிலையைக் காய வைத்தாயிற்று.

ஆகவே உங்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது என்றால் அது உங்கள் மீது மட்டும் இல்லை. நீங்கள் அந்த வரியைப் பார்த்து எழுதி அனுப்பினீர்களே, அதுவே எனக்கு நம்பிக்கை. வீசிவிடுகிறவர் அப்படி எழுத மாட்டார்.

செய்ய வேண்டியது இதுதான். நோட்டைத் தோல் உறையிலிருந்து உடனே எடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கங்களைப் பிரிக்காதீர்கள், வெயிலில் காயப் போடாதீர்கள், காற்றோட்டமான இடத்தில் நிழலில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள், வெற்றுப் பக்கங்களையும் அட்டையையும் விடாமல். பயப்பட வேண்டாம், அன்றைய உரிமத்தோடு அன்று ஆடிய வேட்டையைப் பற்றிய காகிதத்துக்கு இன்று யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். மூல நோட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களாவில் நீலகிரியின் பழைய படங்களையும் ஆவணங்களையும் வைத்திருக்கிறார்கள். ஒரு பிரதியை அங்கே கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். இன்னொரு பிரதி எனக்கு வேண்டும்.

ரைஃபிளை விற்பதானால் வாங்குகிறவரின் பெயரையும் முகவரியையும் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு 45 நாட்கள் கழித்துத்தான் கை மாற்றலாம். அந்த 45 நாட்களுக்குள் படம் எடுக்கும் வேலையை முடித்துவிடுங்கள். தாத்தாவின் கையெழுத்தில் புரியாத ஊர்ப்பெயர்கள் வந்தால் தனியாகக் குறித்து அனுப்புங்கள். அவலாஞ்சி, குந்தா பக்கத்துப் பழைய பெயர்கள் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன்.