தள்ளிவிட்டது எது?

கேள்வி: பிரபஞ்சம் பெருவெடிப்பில் தொடங்கியது என்கிறார்கள். விரியும்படி அதைத் தள்ளிவிட்டது எது என்று கேட்டால் ‘இன்ப்ளேஷன்’ என்கிறார்கள். அந்த இன்ப்ளேஷன் எதனால் வந்தது என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள். ஆனால் அண்டங்கள் விரிந்ததை மாணிக்கவாசகர் அன்றே பாடிவிட்டார் என்று எங்கள் ஊர்த் திருவிழா மேடையில் ஒருவர் விளக்கினார். தெரியாது என்பவர்களை நம்புவதா, அன்றே சொன்னவரை நம்புவதா?
— வாசகர் ஒருவர், மன்னார்குடி

பதில்: முதலில் மாணிக்கவாசகரை இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடுவோம். திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் அண்டங்கள் ‘நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன’ என்று அவர் பாடியிருப்பது உண்மை. ஆனால் அங்கே அவர் சொல்ல வந்தது வேறு. வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசியைப் போல இத்தனை அண்டங்களும் சிறுத்துப்போகும் அளவுக்கு இறைவன் பெரியவன் என்பதே அந்தப் பாட்டின் உயிர். அதைப் படித்து உருகலாம், உருக வேண்டும். விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகிப் போகின்றன என்று எட்வின் ஹபிள் 1929-இல் அளந்து காட்டினார். அதற்கு முன் அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் வானத்தை அளக்கக் கிளம்பவில்லை. விடை வெளியான பிறகு ஏட்டைப் புரட்டி அதைத் தேடி எடுப்பது முன்னறிவிப்பு ஆகாது. பெரும் பக்திக் கவிஞர் ஒருவரை இப்படி விஞ்ஞானத்திடம் சான்றிதழ் வாங்க வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையும் அல்ல.

உங்கள் கேள்வி அந்த மேடைப் பேச்சைவிடப் பன்மடங்கு மேலானது. தள்ளிவிட்டது எது? பெருவெடிப்புக் கொள்கை இதற்கு விடை சொல்லவே இல்லை, பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 1922-இல் ரஷ்யாவின் பிரீட்மனும் 1927-இல் பெல்ஜியத்துப் பாதிரியார் லெமைத்ரேயும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து விரியும் பிரபஞ்சத்தை வருவித்தார்கள். அந்தக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் எல்லாம் நெருங்கி, கொதித்துக் கிடந்தது தெரிகிறது. ஏற்கெனவே இருந்த வெளியில் ஏதோ ஓர் இடத்தில் ஏதோ ஒன்று வெடிக்கவில்லை. வெளி எங்குமே விரிந்துகொண்டிருந்தது. ஆனால் கணக்கு தொடங்கும்போதே அது விரிந்துகொண்டிருந்தது. ஏன் விரிந்தது என்பது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்கப்படாமலோ, கேட்டாலும் ஒத்திவைக்கப்பட்டோ கிடந்தது.

அதைக் கிளறிவிட்டது ஓர் இரைச்சல். 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் கொம்பு வடிவ ஆன்டெனா ஒன்றில் விடாத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே அளவு. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைப் பிடித்து அகற்றினார்கள், எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சத்துக்கு 3,80,000 ஆண்டு வயதானபோது கிளம்பிய வெளிச்சம் அது. பயணத்தில் நீண்டு நீண்டு இன்று நுண்ணலையாக, மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் குளிரில் வந்து சேர்கிறது. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் ஆன்டெனாவைக் கடலைப் பார்த்துத் திருப்பி இலங்கையின் ரூபவாகினி பார்த்த தலைமுறைக்கு நிகழ்ச்சி முடிந்த பிறகு திரையில் கொட்டிய வெள்ளைப் புள்ளிகள் நினைவிருக்கும். அவற்றிலும் ஒரு சிறு பங்கு இந்தப் பழைய வெளிச்சத்துடையதுதான்.

சிக்கல் அதன் சீர்மையில் இருக்கிறது. வானத்தின் கிழக்குக் கோடியிலிருந்து வரும் கதிரும் மேற்குக் கோடியிலிருந்து வரும் கதிரும் ஒரே வெப்பநிலை. வித்தியாசம் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு வயல், முத்துப்பேட்டைக் கடைமடையில் ஒரு வயல். நடுவே வாய்க்கால் இல்லை, மதகு இல்லை, இரண்டுக்கும் ஒருநாளும் தண்ணீர்த் தொடர்பு இருந்ததில்லை. ஆனாலும் இரண்டிலும் நீர்மட்டம் மயிரிழை மாறாமல் ஒன்றாக நிற்கிறது என்றால் டெல்டாவில் எந்த விவசாயி அதைத் தற்செயல் என்று விட்டுவிடுவார்? அந்தக் கதிர் கிளம்பிய நாளில், இன்றைய வானத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் தள்ளித் தெரியும் இரண்டு இடங்களுக்கு இடையே ஒளிகூடப் போய்ச் சேர்ந்திருக்க நேரம் போதாது. வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ள வழியே இல்லாத இடங்கள் ஒரே வெப்பத்தில் இருந்தன.

இங்கேதான் அமெரிக்க இயற்பியலாளர் ஆலன் குத் வருகிறார். 1979 டிசம்பரில் ஒரு நள்ளிரவு. நிரந்தர வேலை கிடைக்காத 32 வயது ஆய்வாளர். வேறொரு புதிருக்குப் போட்டுக்கொண்டிருந்த கணக்கில் ஒன்று பளிச்சிட்டது. நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதி, மேலே ‘அற்புதமான உணர்தல்’ என்ற பொருள் தரும் தலைப்பிட்டு அதற்குக் கட்டமும் கட்டினார். அந்த நோட்டு இன்று சிகாகோவின் கோளரங்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டுரை 1981-இல் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் சோவியத் நாட்டில் ஸ்டாரோபின்ஸ்கி வேறு வழியாக இதே இடத்தை அடைந்திருந்தார். குத்தின் முதல் வடிவத்தில் ஓட்டை இருந்தது. 1982-இல் லிண்டேயும், தனியாக ஸ்டைன்ஹார்ட், ஆல்பிரெக்ட் இருவரும் அதை அடைத்தார்கள்.

அவர்கள் சொன்னது இது. நியூட்டனின் கணக்கில் ஈர்ப்புக்கு இழுக்க மட்டுமே தெரியும். ஐன்ஸ்டைனின் கணக்கில் பொருளின் ஆற்றலோடு அதன் அழுத்தமும் ஈர்ப்பை உண்டாக்குகிறது, அதுவும் மூன்று மடங்காக. நாம் அறிந்த காற்றிலும் வெளிச்சத்திலும் அழுத்தம் நேர்மறை. எனவே இழுப்பு கூடுமே தவிரக் குறையாது. ஆனால் வெளி முழுவதும் நிறைந்து, வெளி எவ்வளவு விரிந்தாலும் அடர்த்தி குறையாத ஆற்றல் கொண்ட, காந்தப் புலம் போலக் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலம் இருந்தால், அதன் அழுத்தம் எதிர்மறையாகத்தான் இருந்தாக வேண்டும். அந்த எதிர்மறையை மூன்றால் பெருக்கி ஆற்றலோடு கூட்டிப் பாருங்கள். மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஈர்ப்பு இழுப்பதை விட்டுத் தள்ளத் தொடங்கும். இன்ப்ளேஷன் என்று நீங்கள் குறிப்பிட்ட வீக்கக் கொள்கை உங்களுக்குத் தரும் நேரான விடை அதுதான்: பிரபஞ்சத்தைத் தள்ளியது ஈர்ப்பு. புறத்திலிருந்து ஒரு கை தேவைப்படவில்லை.

அடர்த்தி குறையாததால் தள்ளுதலும் தளர்வதில்லை. இரட்டிப்பு, மறுபடி இரட்டிப்பு. 90 முறை இரட்டித்தாலே 1-க்குப் பின்னால் 27 பூஜ்யம் போட்ட மடங்கு பெருகிவிடும். ஒரு நொடியின் நினைத்துப் பார்க்க முடியாத சிறு துணுக்கில் இது நடந்து முடிந்தது என்கிறது கணக்கு. பிறகு புலம் சிதைந்தது. அதன் ஆற்றல் சூடான துகள்களாக மாறியது. நாம் பெருவெடிப்பு என்று சொல்லும் கொதிநிலை அதுவே. தொலைதூரக் கோடிகள் ஒரே வெப்பத்தில் இருப்பதும் இதனால்தான். வீக்கத்துக்கு முன் அவை அக்கம்பக்கமாக இருந்தவை.

ஈர்ப்பு தள்ளுமா என்று சந்தேகப்பட்டால், 1998-இல் வெடித்துச் சிதறும் விண்மீன்களான சூப்பர்நோவாக்களைத் தொலைதூரத்தில் அளந்தவர்கள் பிரபஞ்ச விரிவு இன்றும் வேகமெடுப்பதைக் கண்டார்கள். 2011-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. வெளி முழுவதும் நிறைந்த புலம் வெறும் கற்பனையா என்றால், அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலத்தின் துகள் 2012-இல் ஜெனீவாவில் பிடிபட்டது. இவை வீக்கம் நடந்ததற்குச் சாட்சி ஆகா. அதற்குத் தேவையானவை இயற்கையில் இல்லாத சரக்கு அல்ல என்பதை மட்டும் காட்டுகின்றன.

சாட்சி வேறிடத்தில் இருக்கிறது. வீக்கத்தின்போது, மிக நுண்ணிய அளவில் ஓயாமல் நிகழும் குவாண்டம் நடுக்கங்களும் இழுபட்டுப் பெருத்து, பின்னாளில் விண்மீன் மண்டலங்களுக்கு வித்தாக வேண்டும். அந்தப் பழைய வெளிச்சத்தில் பதிந்த அந்தச் சிறு ஏற்றத்தாழ்வுகளை கோப் செயற்கைக்கோள் 1992-இல் கண்டது. சிறிய அளவுகளில் அந்த ஏற்றத்தாழ்வு சற்றே குறைந்திருக்கும் என்று எளிய வீக்கக் கணக்குகள் முன்பே சொல்லியிருந்தன. முற்றிலும் சமமாக இருந்தால் 1 வர வேண்டிய எண், 2009-இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலத்தின் அளவீட்டில் 0.965 என்று வந்தது. அளப்பதற்கு முன்னால் எழுதிவைத்த கணக்கு இது. மேடைப் பேச்சிடம் நான் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

இனி, கையை விரிக்கிறார்கள் என்ற உங்கள் குறை. அந்தப் புலம் எது, அது ஏன் அந்த நிலையில் இருந்தது என்பது தெரியாது. வீக்கத்தைப் பின்னோக்கி முடிவில்லாமல் நீட்டிக்கொண்டே போக முடியாது, அதற்கும் ஒரு விளிம்பு உண்டு என்று போர்டே, குத், விலென்கின் மூவரும் 2003-இல் காட்டினார்கள். அந்த விளிம்புக்கு அப்பால் யோசனைகள் இருக்கின்றன, சோதனை இல்லை. கொள்கையைக் கட்டியவர்களில் ஒருவரான ஸ்டைன்ஹார்ட்டே இன்று அதைக் கடுமையாக எதிர்க்கிறார். எந்த அளவீடு வந்தாலும் ஒத்துப்போகும்படி வளைக்கக்கூடிய கொள்கை கொள்கையே அல்ல என்பது அவர் வாதம். கனமான வாதம் அது. அதை ஒதுக்கிவிட்டு வீக்கத்தை நிரூபணமான உண்மை என்று எழுதுபவர்களை நான் ஏற்கவில்லை.

2014 மார்ச்சில் தென்துருவத்தின் பைசெப்-2 தொலைநோக்கிக் குழு, வீக்கத்தின்போது எழுந்த ஈர்ப்பு அலைகளின், அதாவது வெளியையே நெளியவைக்கும் அலைகளின், தடத்தைக் கண்டுவிட்டதாக அறிவித்தது. உலகம் கொண்டாடியது. ஓராண்டு முடிவதற்குள், பிளாங்க் குழுவோடு சேர்ந்து மறுபடி அலசி, கண்டதில் பெரும்பங்கு நம் பால்வீதியின் தூசி என்று அதே குழு வெளியிட்டது. யாரும் வற்புறுத்தி வாங்கிய ஒப்புதல் அல்ல அது. தெரியாது என்று சொல்பவர்களை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டீர்கள். தெரியும் என்று தாங்களே உலகறியச் சொன்னதையும் அளந்து பார்த்துத் திரும்பப் பெறுகிறார்களே, அதற்காக நம்புங்கள்.

தேடல் நிற்கவில்லை. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டருக்கு மேல் உயரமான மலையில், சைமன்ஸ் ஆய்வகத்தின் தொலைநோக்கிகள் அதே தடத்தைத் தேடுகின்றன. கிடைத்தால் அந்தத் தள்ளுதல் எவ்வளவு ஆற்றலில் நடந்தது என்று எண்ணாகவே சொல்லிவிடலாம். கிடைக்காவிட்டால், ஏற்கெனவே கழிந்துபோன சில எளிய மாதிரிகளோடு இன்னும் பலவும் கழிந்துபோகும்.