ஸ்லீப் போட்டால் போதுமா?

கேள்வி: மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை வைத்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் ஓடும். எம்க்யூடிடி புரோக்கருடன் (மெசேஜ்களை வாங்கி, வேண்டியவர்களுக்கு அனுப்பும் சர்வர்) கனெக்ட் ஆகி, தண்ணீர் மட்டத்தை பப்ளிஷ் செய்து, உடனே டிஸ்கனெக்ட் ஆகிவிடும். எர்ரர் எதுவும் வருவதில்லை, ஆனால் சில மெசேஜ்கள் போய்ச் சேருவதே இல்லை. நடுவில் இரண்டு விநாடி ஸ்லீப் போட்டால் சரியாகிறது. அப்படியே விட்டுவிடலாமா சார்?

பதில்: விடாதீர்கள். வைஃபை மந்தமாகும் நாளில் அந்த இரண்டு விநாடி பத்தாது.

நீங்கள் பாஹோ என்ற எம்க்யூடிடி லைப்ரரியில் லூப் ஸ்டார்ட் கொடுத்து எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் பப்ளிஷ் செய்வதெல்லாம் மெசேஜை க்யூவில் போட்டுவிட்டுத் திரும்புவதுதான். நெட்வொர்க்கில் எழுதுவது பின்னால் ஓடும் த்ரெட்டின் வேலை. அது டீமன் த்ரெட். மெயின் ப்ரோகிராம் முடிந்த கையோடு, அனுப்பியும் அனுப்பாமலும் அதுவும் போய்விடும். எர்ரர் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

பப்ளிஷ் ஒரு ஆப்ஜெக்டைத் திருப்பித் தருகிறது. பாதிப் பேர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதை ஒரு வேரியபிளில் பிடித்து 'வெயிட் ஃபார் பப்ளிஷ்' கூப்பிடுங்கள், அப்புறம் டிஸ்கனெக்ட். பத்து விநாடி டைம்அவுட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் நெட் போனால் ஸ்கிரிப்ட் காத்துக்கொண்டே கிடக்கும், அதற்குள் அடுத்த ஸ்கிரிப்ட் கிளம்பிவிடும். டைம்அவுட் ஆனாலும் அது எர்ரர் தராமல் சும்மா திரும்பும். அதனால் 'இஸ் பப்ளிஷ்டு' என்று கேட்டுப் பார்த்து, இல்லையென்றால் அந்த அளவை ஃபைலில் எழுதி வைத்து அடுத்த முறை சேர்த்து அனுப்புங்கள்.

இன்னொன்று, க்யூஓஎஸ், அதாவது மெசேஜ் போய்ச் சேர எவ்வளவு உத்தரவாதம் வேண்டும் என்ற அளவு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது 0. அதில் எவ்வளவு காத்திருந்தாலும் சாக்கெட்டில் (நம் பக்கத்து நெட்வொர்க் முனையில்) எழுதியாயிற்று என்பதுதான் தெரியும். 1 என்று வைத்தால் புரோக்கர் பப்அக் ('கிடைத்தது' என்ற பதில்) அனுப்பிய பிறகே காத்திருப்பு முடியும். ஆனால் 1-இல் ஒரே மெசேஜ் இரண்டு முறையும் வரலாம். தண்ணீர் மட்டம் இரண்டு முறை வந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நாளைக்கு மோட்டாரையும் இதில் சேர்த்தால் மட்டும் 'நிலையை மாற்று' என்று அனுப்பாதீர்கள்; 'ஆஃப்' என்றே அனுப்புங்கள். இரண்டு ஆஃப் வந்தாலும் மோட்டார் நின்றுதான் இருக்கும்.

கேள்வி: டிசிபி (நெட்வொர்க்கில் டேட்டாவை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் முறை) நம்பகமானது என்றுதானே படித்தோம்? என் சாட் ப்ரோகிராமில் கடைசியாக 'பை' அனுப்பி சாக்கெட்டை க்ளோஸ் செய்தால், எதிர்ப்பக்கத்தில் சில சமயம் 'பை' வராமல் 'கனெக்ஷன் ரீசெட்' வருகிறதே?

பதில்: எதிர்ப்பக்கம் அனுப்பி நீங்கள் படிக்காத ஏதோ ஒன்று உங்கள் பஃபரில் (டேட்டா தற்காலிகமாகக் காத்திருக்கும் இடத்தில்) கிடந்திருக்கும். அந்த நிலையில் க்ளோஸ் செய்தால் லினக்ஸ் முறையாக முடித்துக்கொள்ளாது, இணைப்பைச் சட்டென்று முறிக்கும் ரீசெட் அனுப்பும். அது போய்ச் சேரும்போது, எதிர்ப்பக்கம் இன்னும் படிக்காத உங்கள் 'பை'யும் அதோடு போய்விடலாம். முதலில் எழுதும் பக்கத்தை மட்டும் ஷட்டவுன் செய்யுங்கள். பிறகு ரீட் பூஜ்யம் தரும்வரை (எதிர்ப்பக்கமும் அனுப்பி முடித்துவிட்டது என்று அர்த்தம்) படித்துவிட்டு க்ளோஸ் செய்யுங்கள். லிங்கர் ஆப்ஷனை (க்ளோஸ் செய்யும்போது எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது) ஆன் செய்து 0 விநாடி வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது பஃபரில் மிச்சமிருப்பதைத் தூக்கியெறிந்துவிட்டு ரீசெட் அனுப்பும் வழி.

இத்தனையும் செய்தாலும், 'வந்தது' என்று டிசிபி சொல்வது எதிர் மெஷினின் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) சொல்வதுதான். அந்த ப்ரோகிராம் படித்ததா என்பது அதற்குத் தெரியாது. 1982-லேயே மெயில் அனுப்பும் எஸ்எம்டிபியில் இதற்கு வழி வைத்திருந்தார்கள். மெயில் முடிந்தது என்று காட்டும் கடைசிப் புள்ளிக்குப் பின் சர்வர் 250 ('சரி') சொன்னால்தான் மெயிலை அது ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அப்புறம்தான் விடைபெறும் க்விட் கட்டளை, அதற்கும் 221 என்று ஒரு பதில் உண்டு. உங்கள் சாட்டிலும் 'பை'க்கு ஒரு பதில் மெசேஜ் வையுங்கள். அது வந்தபின் ஷட்டவுன் செய்யலாம், ஐந்து விநாடியில் வராவிட்டால் 'போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை' என்று திரையில் காட்டிவிடுங்கள்.