தாய் நாய் எங்கே? – வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

கேள்வி: வாட்ஸ்ஆப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினோம். பேருந்து நிலையத்தில் அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். வயது 35 நாள் என்றார்கள். ஐந்தாம் நாள் வாந்தியும் இரத்தப்போக்குமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை. இதற்குச் சட்டம் எதுவும் இல்லையா?
– வாசகி, சேலம்

பதில்: சட்டம் இருக்கிறது, அம்மா. 2017 மே மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு அறிவித்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளாதவர் நாய்களை ஈனவைத்து விற்பதும் குற்றமே. எனவே அந்தப் பேருந்து நிலையத்தில் நடந்தது தொடக்கத்திலேயே சட்டத்துக்குப் புறம்பான விற்பனை.

எட்டு வாரம் என்பது ஏதோ ஒரு கணக்குக்காக வைத்த எண் அல்ல. தாயிடம் பால் குடித்து, உடன்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும் அந்த வாரங்களில்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அதற்கு முன் பிரித்தெடுத்து, பயணத்தில் அலைக்கழித்து, தடுப்பூசியும் போடாமல் கைமாற்றினால் பார்வோ போன்ற வைரஸுக்கு அது எளிதில் இரையாகிவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளும் அதையே ஒத்திருக்கின்றன.

பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, வாட்ஸ்ஆப் உரையாடல், கால்நடை மருத்துவரின் சீட்டு ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காத ஒன்று உண்டு. அந்தக் குட்டியின் தாயை நீங்கள் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றே ஊகிக்கிறேன். பேருந்து நிலையத்தில் குட்டியைக் கைமாற்றுவதன் நோக்கமே தாயை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான்.

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையில் இருபதுக்கும் மேற்பட்ட நாய்களை அடைத்து வைத்துக் குட்டி போட வைக்கிறார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், “இதில் நாங்கள் வழக்குப் போட முடியாது” என்று புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொல்வது சரிதானா?
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்களுக்கு எரிச்சலாக இருக்கும், ஆயினும் அவர்கள் சொன்னதில் பாதி சரிதான். நிற்கவும் திரும்பவும் இடமில்லாத கூண்டில் அடைப்பது, போதிய உணவும் நீரும் நிழலும் தராமல் விடுவது ஆகியவை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்கீழ் குற்றங்கள். ஆனால் அந்தப் பிரிவிலுள்ள பெரும்பாலான குற்றங்களைக் காவல்துறை, நீதித்துறை நடுவரின் உத்தரவின்றித் தானாக விசாரிக்க முடியாதவையாகவே அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. ஆகவே அந்த ரசீதை வைத்துக்கொண்டு நீதித்துறை நடுவர் முன் தனிப்புகார் தாக்கல் செய்யுங்கள். மாநில விலங்கு நல வாரியத்துக்கும், மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். நாள் கடத்த வேண்டாம். குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடரவில்லை என்றால், 36-ஆம் பிரிவு கதவைச் சாத்திவிடும். கொல்வதும் முடமாக்குவதும் வேறு வகை: அவற்றுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது, காவல்துறையும் நேரடியாக வழக்குப் பதியலாம்.

இப்படிப்பட்ட கொட்டகை ஒன்றுக்குள் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கால்நடை மருத்துவரோடு போயிருக்கிறேன். வாசலில் வாங்க வருவோருக்காக இரண்டு குட்டிகள் டால்கம் பவுடர் மணக்க நின்றன. பின்னால் போனால் பினாயிலும் மூத்திரமும் கலந்த நெடி கண்ணைக் கரித்தது. ஒரு லாப்ரடார் பெட்டை கம்பிவலைத் தரைமேல் படுத்திருந்தது. மண்ணில் நடந்து தேயாத நகங்கள் வளைந்து உள்ளங்கால் சதையைத் தொட்டுக்கொண்டிருந்தன, மடி வற்றித் தொங்கியது. அதைத் தூக்கித் தரையில் விட்டபோது அது ஓடவில்லை. ஒரு காலை எடுத்து வைத்து, சிமெண்டின் தட்டைத்தன்மை புரியாமல் மறுபடி இழுத்துக்கொண்டது. எத்தனை ஈற்று என்று மருத்துவர் கேட்டார். உரிமையாளர் யோசித்துப் பார்த்துவிட்டு, கணக்கு வைக்கவில்லை என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

கணக்கு வைக்க வேண்டும் என்பதுதான் 2017 விதிகளின் உயிர்நாடி. பெட்டை நாய்க்குப் பதினெட்டு மாதம் நிறைந்திருக்க வேண்டும், உடல்நலத்துக்கு மருத்துவச் சான்று வேண்டும், மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) எண்ணோடு பிறப்பும் இறப்பும் விற்பனையும் பதிவேட்டில் ஏற வேண்டும், ஆண்டுதோறும் வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். உங்கள் புகாரில், “பதிவுச் சான்றும் பதிவேடும் உள்ளனவா என ஆய்வு செய்க” என்ற ஒரு வரியை மறவாமல் சேருங்கள். துர்நாற்றம் வீசுகிறது என்று எழுதினால் அது சுகாதாரப் புகாராக மாநகராட்சிக்குத் தள்ளிவிடப்படும்.

கேள்வி: விலங்குவதைக்கு அபராதம் ஐம்பது ரூபாய்தான் என்கிறார்களே, உண்மையா? உண்மை என்றால் இத்தனை ஆண்டாக யாருமே மாற்றவில்லையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்மைதான். முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மிகாமலும் அபராதம். மூன்றாண்டுக்குள் மறுபடி செய்தால் இருபத்தைந்து முதல் நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தச் சட்டத்தின் வேர் சென்னையில் இருக்கிறது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-இல் சட்டம் வந்தது, 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அன்றைய ஐம்பது ரூபாய் ஓர் எளிய குடும்பத்தின் மாதச் செலவுக்கு உதவக்கூடிய தொகை. இன்று அதில் ஒரு வேளைச் சாப்பாடுகூடத் தேறாது.

நாய் வணிகத்தைப் பொறுத்தவரை இதைவிட வேடிக்கையான கணக்கு ஒன்று உண்டு. 2017 விதிகள் இதே தாய்ச்சட்டத்தின் 38-ஆம் பிரிவின்கீழ் வந்தவை. அப்பிரிவின்படி விதிமீறலுக்கு அதிகபட்சம் நூறு ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முறைப்படி பதிவு செய்துகொள்வதற்கோ ஐயாயிரம் ரூபாய் கட்டணம்; சான்று இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். சிறைக்கு அனுப்பும் அளவுக்கு வழக்கு வளராது என்று தெரிந்தவருக்கு, சட்டத்தை மதிப்பதைவிட மீறுவது ஐம்பது மடங்கு மலிவு. பதிவை ரத்து செய்யும் அதிகாரம் வாரியத்துக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. பதிவே இல்லாதவரிடம் எதை ரத்து செய்வது?

2014-இல் நாகராஜா வழக்கின் தீர்ப்பில் (ஜல்லிக்கட்டு வழக்கு என்றால் உடனே நினைவுக்கு வரும்) உச்ச நீதிமன்றம், தண்டனை போதுமானதாக இல்லை என்று கூறி நாடாளுமன்றம் உரிய திருத்தம் கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்த்தது. காளையைப் பற்றி ஊரே பேசியது. தீர்ப்பின் அந்தப் பகுதியைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. அதில் கொடூர வதைக்கு அபராதம் ஐம்பதாயிரம் ரூபாயிலிருந்து தொடங்கியது. அது இன்னும் சட்டமாகவில்லை.

அபராதத்தைக் கூட்டினால் மட்டும் போதும் என்று நான் கருதவில்லை. கூண்டில் அடைத்து ஈனவைக்கும் தொழிலில் அபராதம் ஒரு செலவு இனமாகிவிடும். அதைக் குட்டியின் விலையில் ஏற்றிக்கொள்வார்கள். உணவும் நிழலும் மறுக்கும் குற்றங்களைக் காவல்துறை தானாகப் பதியத்தக்கவையாக ஆக்குவது, மூன்று மாதக் காலவரம்பை நீட்டிப்பது, பதிவெண் இல்லாத இணைய விளம்பரத்தையே குற்றமாக்குவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் கொட்டகைக் கதவு திறக்கும்.

கேள்வி: இங்கிலாந்தில் ‘லூசி சட்டம்’ என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். அதனால் அங்கே இந்தக் கொடுமை ஒழிந்துவிட்டதா?
– வாசகி, மதுரை

பதில்: லூசி என்பது வேல்ஸ் நாட்டில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து 2013-இல் மீட்கப்பட்ட கேவலியர் இனப் பெட்டை. ஓயாமல் ஈனவைக்கப்பட்டதால் அதன் முதுகெலும்பும் இடுப்பும் கெட்டுப்போயிருந்தன. 2016-இல் இறந்தது. அதன் பெயரில் 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய், பூனைக் குட்டிகளைக் கடைகளும் இடைத்தரகர்களும் விற்பதைத் தடை செய்தது. வாங்குபவர் ஈனவைத்தவரிடமோ காப்பகத்திடமோ நேரடியாகப் போக வேண்டும். குட்டியைத் தாயோடு சேர்த்துத்தான் காட்ட வேண்டும். ஒரு பெட்டையைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் உரிமம் பெற்றவர் ஈனவைக்கக் கூடாது என்பது 2018-லிருந்தே அங்கே விதி. ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், வெளிநாட்டிலிருந்து குட்டிகளைக் கடத்திவரும் வழி திறந்தேதான் இருந்தது. இருப்பினும் தாயை வாங்குபவரின் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது அந்தச் சட்டத்தின் கெட்டிக்காரத்தனம். ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார்; வாங்குபவர் வாரந்தோறும் வருவார்.

சட்டம் வந்த பிறகும் கைவிட்டுப் போகும் என்பதற்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் சாட்சி. 2010-இல் அங்கே மக்கள் நேரடி வாக்கெடுப்பில், ஒருவர் ஐம்பது நாய்களுக்கு மேல் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். மறு ஆண்டே சட்டமன்றம் அந்த உச்சவரம்பை நீக்கிவிட்டது.

கேள்வி: மூன்று தலைமுறையாக ராஜபாளையம் நாய் வளர்த்துவருகிறோம். என்னிடம் இருப்பது நான்கே நாய்கள். எங்களையும் கம்பிக்கூண்டு வியாபாரிகளையும் இந்த விதிகள் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமா?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: உங்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. நான்கு நாய் வைத்திருப்பவருக்கும் நாற்பது வைத்திருப்பவருக்கும் ஒரே கட்டணம் என்பது சரியல்ல. அமெரிக்க மத்தியச் சட்டம்கூட இனப்பெருக்கப் பெட்டைகள் நான்குக்கு மேற்பட்டால்தான் உரிமம் கேட்கிறது. நம் விதியிலும் அப்படி ஒரு படிநிலை வந்தால் உங்களைப் போன்றவர்கள் தயங்காமல் பதிவு செய்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் விதிவிலக்கு கேட்காதீர்கள். சிறிய கூட்டத்துக்குள்ளேயே மறுபடி மறுபடி இணை சேர்த்தால் பிறவிக் குறைகள் பெருகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காது கேளாத வெள்ளைக் குட்டிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

எந்தப் பெட்டையை எந்தக் கடுவனோடு, எந்த மாதம் சேர்த்தோம் என்று உங்கள் தகப்பனார் காலத்திலிருந்து ஒரு கணக்கு நோட்டு வைத்திருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். விதி கேட்கும் பதிவேடு கிட்டத்தட்ட அதுவே. மைக்ரோசிப் எண்ணுக்கு ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு யாராவது வந்தால் முதலில் அந்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள்.