மரம் ஏன் பொம்மை மாதிரி தெரியுது? – வாசகர் கடிதம்

வணக்கம்,

பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல ஒரு அடர்ந்த காடு சீன் பண்ணிட்டு இருக்கேன். நிஜ மரப்பட்டைய ஸ்கேன் பண்ண டெக்ஸ்சர்தான் (மாடல் மேல ஒட்டற படம்) போட்டிருக்கேன், ஒரு மரத்துக்கே லட்சக்கணக்குல இலை இருக்கு, ஆனா ரெண்டர் பண்ணி கடைசிப் படமா எடுத்தா எல்லாம் பொம்மை மரமா தெரியுது. படம் இணைச்சிருக்கேன். மரம் செய்யறதுக்குன்னே இருக்கற ஸ்பீட்ட்ரீ சாஃப்ட்வேர வாங்கினா சரியாகுமா, இல்ல மாடல்ல இன்னும் பாலிகன் (உருவத்த ஆக்கற சின்னச் சின்னத் தட்டை முகங்கள்) ஏத்தணுமா?

ஒரு வாசகர்

அன்பு நண்பருக்கு,

பாலிகன் ஏத்தாதீங்க, இருக்கறதுலயே பாதிய எடுக்கலாம். உங்க மரத்துல ஒரு கிளை கூட சாகல, அதான் எனக்கு முதல்ல கண்ணுல பட்டுது. உச்சியிலேர்ந்து அடி வரைக்கும், உள்ள வெளிய எல்லா இடத்துலயும் ஒரே அளவுக்கு இலை. காட்டுக்குள்ள நெருக்கமா நிக்கற மரம் அப்படி இருக்காதுங்க, வெளிச்சம் கிடைக்காத கிளைய மரம் கைவிட்டுடும், அது காஞ்சு ஒடிஞ்சு விழுந்து அந்த இடத்துல ஒரு முடிச்சோ வீக்கமோ மட்டும் மிஞ்சும், அதனாலதான் நடுக்காட்டு மரத்துக்கு கீழ ரொம்ப தூரம் வெறும் தண்டு, தழை எல்லாம் மேலதான். அதே மரம் வெட்டவெளியில தனியா நின்னா அடியிலேர்ந்தே விரிஞ்சு கிடக்கும். நீங்க வெட்டவெளி மரம் ஒண்ண செஞ்சு அதையே காடு முழுக்க நட்டிருக்கீங்க.

கம்ப்யூட்டர்ல நிஜம் மாதிரி மரத்த வளர்க்கறது எப்படின்னு இந்தத் துறையே ரொம்ப வருஷமா துரத்திட்டு இருக்கு. 1968ல அரிஸ்டிட் லிண்டன்மேயர்னு ஒரு உயிரியலாளர், எளிய உயிர்கள் செல் செல்லா வளர்றத எழுதறதுக்கு ஒரு முறை கொண்டுவந்தார், அதான் எல்-சிஸ்டம். ஒவ்வொரு எழுத்தும் செடியோட ஒரு பகுதின்னு வெச்சுக்கிட்டு, ஒரு எழுத்த ஒரு எழுத்துத்தொடரா மாத்து, வந்தத மறுபடி மாத்து, இப்படியே போனா கிளை கிளையா செடி வந்துடும். பாக்க அவ்வளவு அழகு. ஆனா இந்த மாத்தற விதிய மட்டும் ஓடவிட்டா வர்ற மரம் ரொம்ப ஒழுங்கா நிக்கும், பக்கத்துல யாரு இருக்கா, வெயில் எங்கேர்ந்து வருதுன்னு அதுக்குத் தெரியாதே. 2007ல வந்த ஸ்பேஸ் காலனைசேஷன் முறையில, மரம் பரவப்போற இடத்துல புள்ளிகளத் தூவிடுவாங்க, கிளை நுனி பக்கத்துப் புள்ளிய நோக்கி வளரும், கிட்ட போனதும் அந்தப் புள்ளி காலி, அப்புறம் அந்த இடம் வேற கிளைக்குக் கிடையாது. இடத்துக்கு அடிச்சுக்கிட்டு வளர்ந்த கோணல் தானா வரும். எனக்கு இதுமேல தனிப் பிரியமே உண்டு, நீங்களும் கண்டிப்பா முயற்சி பண்ணிப் பாருங்க.

ஸ்பீட்ட்ரீ அருமையான டூல்தான், 2009ல வந்த அவதார் படத்துலயே யூஸ் பண்ணியிருக்காங்க. வசதி இருந்தா வாங்குங்க. ஆனா எந்தக் கிளை எதனால போச்சுன்னு நீங்கதான் யோசிக்கணும்.

கிளையோட பருமனையும் பாருங்க. தண்டு ரெண்டா பிரிஞ்சா ரெண்டு கிளையோட குறுக்குவெட்டுப் பரப்பையும் கூட்டினா தாய்த்தண்டோட பரப்பு ஏறக்குறைய வரும்னு லியனார்டோ டா வின்சி குறிச்சு வெச்சிருக்கார். எல்லா மரத்துக்கும் கச்சிதமா பொருந்தாதுதான், ஆனாலும் சமமா பிரியற கிளைன்னா தண்டோட விட்டத்துல சுமார் 70 சதவீதம் இருக்கணும், நீங்க பாதிக்கும் கீழ கொண்டுபோயிட்டீங்க, அதான் குச்சி குச்சியா தெரியுது. அப்புறம் தண்டு தரைய தொடற இடம், குழாய சொருகின மாதிரி நேரா இறங்குது. வேர் பக்கம் அகலட்டும்.

பிளாஸ்டிக் தன்மைக்குக் காரணம் இலையோட மெட்டீரியல், அதாவது அது மேல வெளிச்சம் எப்படி நடந்துக்கணும்னு நீங்க வெச்சிருக்கற அமைப்பு. இலை மேல பட்டுத் திரும்பற வெளிச்சம் வேற, இலைய ஊடுருவி வர்றது வேற, ஊடுருவினது மஞ்சள் கலந்த பளிச்சுப் பச்சையா இருக்கும். சூரியன் மரத்துக்குப் பின்னாடி இருக்கறப்ப அந்தப் பச்சை இல்லன்னா எந்த ஸ்கேன் போட்டும் பிரயோஜனம் இல்ல. வெளிச்சத்த ஊடுருவ விடற டிரான்ஸ்லூசென்ட் ஷேடர அந்த மெட்டீரியல்ல மிக்ஸ் பண்ணுங்க, அதுக்குக் கொஞ்சம் மஞ்சளான நிறம் குடுங்க. நிறைய இலைங்களுக்கு அடிப்பக்கம் வெளிர்நிறமா, பளபளப்பு கம்மியா இருக்கும், நீங்க ரெண்டு பக்கமும் ஒரே டெக்ஸ்சர் போட்டிருக்கீங்க.

காடு அப்புறம் பாத்துக்கலாம். இப்ப ஒரே ஒரு மரத்த எடுத்து, இலை எல்லாத்தையும் ஹைட் பண்ணிட்டு வெறும் கிளையா ரெண்டர் பண்ணி அனுப்புங்க. சூரியன் எந்தப் பக்கம், பக்கத்துல எத்தன மரம்னு முடிவு பண்ணிட்டு அதுக்கேத்த மாதிரி கிளைங்கள வெட்டுங்க. அதப் பாத்துட்டு இலை பத்தி விரிவா எழுதறேன்.